தீராக் கழிச்சலும் சமந்தபத்திரர் பெற்ற ஆணையும்

(விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அறம் பேசும் அவையில் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று சிலர் கருதக்கூடும். தகும். ஆசாரிய மரபே அதற்கு இடம் தந்திருக்கிறது. இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர சுவாமிகளின் வரலாற்றை இங்குள்ள முதியோர் பலர் இளமையிலேயே கேட்டிருப்பர். துறவு பூண்ட நிலையில் அவரைப் பஸ்மகம் என்னும் கொடிய வயிற்று நோய் பற்றியது. உண்டதெல்லாம் எரிந்து சாம்பலாகித் தீராப் பசி வாட்டும் நோய் அது. நாளுக்கு ஒரு வேளை கையேந்தி உண்ணும் முனிவர்க்கு அந்நோய் எத்தகைய துன்பம் தந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விரதங் குன்றா முன் சல்லேகனை ஏற்று உடலை நீத்துவிடக் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு மறுத்தார். "இந்நோய் தீரக்கூடியது, உன்னால் அறத்துக்கு ஆகவேண்டிய பணி மிகுதி, சென்று நோயைத் தீர்த்துக்கொண்டு வா" என்பதே அவர் இட்ட ஆணையின் கருத்து. சமந்தபத்திரர் துறவுக் கோலத்தைக் களைந்து, அரசன் ஒருவனின் கோயிலில் படைக்கப்பட்ட உணவை உண்டு நோய் தீர்ந்தார் என்பர். அந்த ஊர் காஞ்சி என்பது ஒரு வழக்கு, காசி என்பது மற்றொரு வழக்கு. எவ்வூராயினும், நோய் தீர்ந்தபின் அவர் மீண்டும் துறவு மேற்கொண்டார் என்பதில் வழக்குகள் ஒன்றுபடுகின்றன.

பஸ்மகத்தை இக்கால நோய் எதனோடும் ஒன்றாக்கிக் காட்டுவது இவ்வுரையின் நோக்கமன்று. அவ்வாறு ஒட்டவைப்பது பெரும்பாலும் வீண் முயற்சி. குருவின் ஆணையே இங்குக் கருதத்தக்கது. தீர்க்கவோ அடக்கவோ கூடிய வயிற்று நோய் வந்தால், அதை ஊழ் என்று சும்மா இராமல் காரணம் கண்டு மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பது அந்த ஆணையின் பொருள். அசாதா வேதனீய கருமத்தின் உதயமே நோய் என்பது சமயக் கொள்கை. ஆயினும் அவ்வுதயத்துக்குப் புறத்தே ஒரு நிமித்தமும் உண்டு. மருத்துவன் ஆராய்வது அந்த நிமித்தத்தை.

ஆழ்வார்திருநகரி போன்றதோர் ஊரை எண்ணிப் பார்ப்போம். நம்மாழ்வார் அவதரித்த குருகூர் என்று வைணவர் போற்றும் ஊர் அது. 'ஆழ்வார்' என்னும் சொல்லோ ஒரு சமயத்துக்கே உரியதன்று. அதே தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் கோயில்கொண்ட அருகப் பெருமானை 'அரைமலை ஆழ்வார்' என்றே கல்வெட்டுகள் அழைக்கின்றன. இது நிற்க. அவ்வூரில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு நாள்தோறும் ஆறேழு முறை வயிறு போகிறது. சில நாள் சளியும் குருதியும் கலந்து போகிறது. உடல் மெலிகிறது. திருநெல்வேலிக்குச் செல்லப் பேருந்து வீட்டருகிலேயே கிடைத்தும் அவள் திருச்செந்தூர் இரயிலுக்காகக் காத்திருக்கிறாள். கழிப்பறை உள்ள வண்டி அது ஒன்றே. திருமண வீட்டுக்குப் போகாமைக்கும், கோயிலில் நெடுநேரம் அமராமைக்கும் ஏதேதோ காரணம் சொல்கிறாள். உண்மைக் காரணம் தாய்க்கு மட்டும் தெரியும். சில வீடுகளில் தாய்க்கும் தெரியாது. இத்தகையோர் எல்லா ஊரிலும் உள்ளனர்.

நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கைத் தீராக் கழிச்சல் என்று மருத்துவர் வகுப்பர். அதற்குக் காரணமாகும் நோய்களுள் குடலழற்சி நோய் ஒன்று. அது இருவகைப்படும். பெருங்குடலின் உட்தோலில் மட்டும் புண்ணாகி, மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். 1859இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் அப்பெயரை வழங்கினார். வாய் முதல் எருவாய் வரை எங்கும் விட்டுவிட்டுத் தோன்றி, குடற்சுவரின் முழுத் தடிப்பையும் தாக்குவது குரோன் நோய். 1932இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் அதை விளக்கி எழுதினர். புகழ் முதல் பெயருக்கே போயிற்று. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல் குடலையே பகையெனக் கருதிப் பொருவதால் இவை விளைகின்றன. மேலைநாட்டு நோய்கள் என்று முன்னர்க் கருதப்பட்ட இவை இன்று இந்தியாவில் பெருகி வருகின்றன.

இந்நோயாளர்க்கு வயிறு போகும்போதெல்லாம் "பழைய நோய் கிளர்ந்துவிட்டது" என்று எண்ணி, வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்து விழுங்குவது பெரும்பிழை. நோய் ஒன்றே ஆயினும் கழிச்சலின் காரணம் ஒவ்வொரு முறையும் அதுவே என்று சொல்ல இயலாது. அதை விளங்கிக்கொள்ளக் குடலில் நீர் ஓடும் முறையை அறிதல் வேண்டும்.

ஒரு நாளில் சிறுகுடலுள் ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் இறங்குகிறது. உண்பதும் பருகுவதும் சேர்ந்து அதில் 2 லிட்டர் அளவே. எஞ்சியன உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடற்சாறு என உடலே சுரப்பவை. சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு 1 முதல் 1½ லிட்டர் வரை பெருங்குடலுக்கு விடுகிறது. பெருங்குடல் அதையும் உறிஞ்சி 100 முதல் 200 மில்லி வரை மட்டுமே வெளியேற்றுகிறது. பொதிகையில் பிறந்த தாமிரபரணி அணைதோறும் கால்வாய்களுக்கு நீரைக் கொடுத்துக் கொடுத்து, ஸ்ரீவைகுண்டம் அணையையும் கடந்து, எஞ்சிய நீரோடு புன்னைக்காயல் அருகே கடல் சேர்வதை இவ்வட்டாரத்தார் அறிவர். கால்வாய்த் தலைமதகுகள் அடைபட்டால் வயலுக்குப் பாயவேண்டிய நீர் முழுதும் கடலுக்கே ஓடும். அழற்சியுற்ற பெருங்குடலின் நிலை அத்தகையது. உப்பையும் நீரையும் உறிஞ்சும் ஆற்றல் குன்றுகிறது. புண்ணிலிருந்து குருதியும் சளியும் புரதமும் கசிகின்றன. மலக்குடல் விரிந்து கொடுக்கும் தன்மையை இழப்பதால் சிறிதளவு சேர்ந்தாலும் அடக்க முடியாத முடுக்கம் தோன்றுகிறது. இரவில் உறக்கத்தைக் கலைத்து எழுப்பும் கழிச்சல், குருதி, காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை அழற்சிக்கோ தொற்றுக்கோ உரிய அடையாளங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தை அளந்தால் குடலில் அழற்சி உண்டா என்பது பெரும்பாலும் புலப்படும்.

ஆயினும் தொற்றிலும் அவ்வளவு உயரும் என்பதை மறக்கலாகாது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை கடந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வட்டாரங்களைச் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளத்தின் பின் கிணறும் குழாயும் மாசுபடுதல் இயல்பு. குடலழற்சி உடையவர்க்கு அப்போது வரும் வயிற்றுப்போக்கு, கிருமியால் வந்ததா பழைய நோயால் வந்ததா என்று மலத்தைச் சோதித்தே தெளிய வேண்டும். அமீபாவால் பெருங்குடல் புண்ணாகியிருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குத் தீங்கு நேரலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டபின் வரும் கிளாஸ்டிரிடியம் டிஃபிசில் தொற்று, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்போர்க்கு வரும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று ஆகிய இரண்டும் குடலழற்சி கிளர்ந்தது போலவே தோன்றும்.

இந்திய நாட்டில் இவற்றினும் பெரிய ஐயம் குடற் காசநோய் பற்றியது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தையே குரோன் நோயும் காசமும் விரும்பித் தாக்குகின்றன. குறிகளும் புண்களும் ஒத்திருக்கும். திசுவை எடுத்துச் சோதித்தாலும் உடனே முடிவு கிட்டாத நோயாளர் உண்டு. காசத்தைக் குரோன் என்று கருதி எதிர்ப்பாற்றலை அடக்கினால் காசம் பரவும். குரோனைக் காசம் என்று கருதினால் மாதக்கணக்கில் பயனற்ற மருந்து உண்ண நேரும். ஆகவே, "ஒரு முறை பார்த்துச் சொல்லாமல் மீண்டும் மீண்டும் சோதிக்கிறாரே" என்று மருத்துவரைக் குறைகூறுவது பெரும்பாலும் முறையன்று.

இனி, அழற்சி முற்றும் அடங்கியபின்னும் கழிச்சல் நில்லாதோர் நிலையைக் காண்போம். வீட்டார் பொறுமை இழப்பது இங்குத்தான். "மருந்து உண்டும் பயனில்லை" என்று ஒருவர், "எல்லாம் மனப்பிரமை" என்று மற்றொருவர் சொல்லத் தொடங்குவர். காரணமோ வேறு இடத்தில் ஒளிந்திருக்கும்.

கொழுப்பைச் செரிப்பதற்காகச் சுரக்கும் பித்த அமிலங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டு ஈரலுக்குத் திரும்புகிறது. குரோன் நோய் அப்பகுதியைப் பழுதாக்கினாலோ, அறுவை செய்து அதை நீக்கினாலோ, பித்த அமிலம் பெருங்குடலுள் வழிந்து அதை நீர் சுரக்கத் தூண்டும். உண்டவுடன் நீராகப் போகும், குருதி இராது. கொலஸ்டிரமின் என்னும் தூள், பித்த அமிலத்தைக் கட்டி இக்கழிச்சலை நிறுத்த வல்லது. நீக்கப்பட்ட குடல் 100 சென்டிமீட்டரை மிஞ்சினால் நிலைமை மாறிவிடும். அப்போது ஈரல் ஈடுசெய்ய முடியாத அளவுக்குப் பித்த அமிலம் குறைந்து, கொழுப்பே செரியாமல் எண்ணெய்ப் பசையோடும் துர்நாற்றத்தோடும் போகும். முன்னவர்க்குப் பயன்பட்ட அதே தூள் பின்னவர்க்குக் கேடு செய்யும். ஒருவர்க்கு எழுதிக் கொடுத்த மருந்தை மற்றவர் வாங்கி உண்ணலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

அந்தக் கடைக்குடலே உயிர்ச்சத்து பி12ஐ உறிஞ்சும் இடமும் ஆகும். புலால் உண்ணாதார்க்கு அச்சத்து பால், தயிர், மோர் வழியாகவே சிறிது கிடைக்கிறது. வயிறு போகிறதென்று பாலையும் விட்டுவிட்ட சமணக் குடும்பத்து நோயாளர்க்கு வரவும் இல்லை, உறிஞ்சும் இடமும் இல்லை. நாக்குப் புண், சோகை, கால் மரத்தல், நடையில் தள்ளாட்டம் என்று அது வெளிப்படும். ஊசி வழியாகச் செலுத்தினால் கொல்லாமை அறத்துக்கு ஊறின்றிக் குறை தீரும். அம்மருந்து நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்கப்படுவது.

பாலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னிந்தியருள் பெரியவர் பலர்க்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி இயல்பாகவே குறைவு. குடலழற்சி உற்றபின் அது மேலும் தெரியவரும். பால் ஒவ்வாதவர்க்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளுதல் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் ஒருசேர விலக்கிவிடாமல் ஒவ்வொன்றாகச் சோதித்தறிவதே நன்று. அழற்சி அடங்கியவர்களுக்கும் குடல் எளிதில் துடிக்கும் எரிச்சல் நிலை தொடர்வதுண்டு. அத்தகையோர்க்கு வெங்காயம், பூண்டு, பயறு வகைகள் சிலவற்றைக் குறைக்கும்படி இக்கால உணவியலார் சொல்கின்றனர். வெங்காயமும் பூண்டும் பல சமணச் சமையலறைகளில் புகுவதே இல்லை. முன்னோர் அவற்றை விலக்கியது உயிரிரக்கம் பற்றியே அன்றிக் குடலைப் பற்றி அன்று. ஆயினும் நோயாளர்க்கு அது உதவியாயிற்று.

மருந்தே கழிச்சல் உண்டாக்குவதும் அரிதன்று. குடற்புண் ஆற்றக் கொடுக்கும் மெசலமின் சிலர்க்கு ஒவ்வாமல் வயிற்றுப்போக்கைப் பெருக்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலிநீக்கி மாத்திரைகள், மக்னீசியம் கலந்த அமிலநீக்கிகள், சர்பிட்டால் சேர்த்த 'சர்க்கரையில்லா' இனிப்புகள் ஆகியவற்றையும் ஐயுற வேண்டும். குடல் குறுகியோ, அறுவைக்கு உட்பட்டோ இருந்தால் சிறுகுடலுள் நுண்ணுயிர்கள் அளவிறந்து பெருகி உப்புசத்தோடு வயிறு போகும். வியப்பான ஒன்றும் உண்டு: மலக்குடலில் மட்டும் அழற்சி உடையவர்க்கு மேற்புறத்தில் மலச்சிக்கல் இறுகியிருக்க, கீழே சளியும் குருதியும் மட்டும் பலமுறை கழியும். அவர் உண்மையில் சிக்கல் உடையவர்; கழிச்சலை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் துன்பம் மிகும்.

தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பி. எஸ். இராமகிருஷ்ணா முதலியோர், சிறுகுடலில் செரியாமல் பெருங்குடலைச் சேரும் மாவுப்பொருளை உப்புச் சர்க்கரைக் கரைசலில் கலந்து வாந்திபேதி நோயாளர்க்குக் கொடுத்தனர். கழிச்சலின் அளவும் காலமும் குறைந்ததை 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். அம்மாவைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக மாற்ற, அவை உப்பையும் நீரையும் குடல் உறிஞ்சத் துணைசெய்கின்றன. வாழைக்காயில் இத்தகைய மாவு உண்டு. ஆறிய சோற்றிலும் சிறிது உண்டு. ஆனால் இரவு கடந்த பழஞ்சோறு விரதியர்க்கு விலக்கானது என்பதை நினைவிற் கொள்க. வாந்திபேதியில் கண்ட பயன் குடலழற்சிக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. குடல் குறுகிய குரோன் நோயாளர் நார்மிக்க உணவை மருத்துவரைக் கேளாமல் உண்ணவும் கூடாது.

இங்கிருந்து நோன்புக்கு வருவோம். தசலட்சண பருவத்தில் பத்து நாளும் ஒருவேளை உண்போரும், முழு உபவாசம் இருப்போரும் பல குடும்பங்களில் உண்டு. இளமை முதல் தவறாத நோன்பை நோய் காரணமாக விடுவது எத்துணை வருத்தம் என்பதை அறியாதார் "விட்டுவிடுங்கள்" என்று எளிதாகச் சொல்வர். வருத்தம் உண்மையே. ஆனால் நாளுக்குப் பன்முறை வயிறு போகிறவர் நீரும் அருந்தாமல் இருந்தால் உப்பும் நீரும் வற்றிச் சிறுநீரகம் பழுதுறும். குடலின் ஒரு பகுதியை நீக்கி வயிற்றில் வழி அமைத்திருப்போர்க்கு அபாயம் இன்னும் விரைவில் வரும். சமந்தபத்திரர்க்குக் குரு இட்ட ஆணையை இங்கு எண்ணுதல் தகும். நோய் கிளர்ந்த காலத்தில் உணவு குறைப்பதை விடுத்து, சாமாயிகம், சாத்திர சுவாத்தியாயம் முதலியவற்றால் பருவத்தைப் போற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அழற்சி அடங்கிய காலத்தில் எத்தகைய நோன்பு இயலும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

இரவுண்ணாமை இயலாத ஒன்றன்று. மருந்தின் வேளைகளைப் பகலுக்குள் அமைத்துத் தரும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும். மெசலமினை நாளுக்கு ஒருமுறை கொள்வதும் உண்டு. ஸ்டீராய்டு பெரும்பாலும் காலையிலேயே கொடுக்கப்படுவது. கொலஸ்டிரமின் மட்டும் கவனம் வேண்டுவது. பிற மருந்துகளையும் அது கட்டிவிடும். ஆதலால் அவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ கொள்ள வேண்டும். பகலுக்குள் இந்த இடைவெளியை அமைப்பது கடினமே எனினும் கூடும். பகலில் பருகும் நீரைக் காய்ச்சி வடித்த நீராகக் கொள்ளும் சமண வழக்கம் இந்நோயாளர்க்குப் பெருந்துணை. துணியில் வடிப்பதனால் மட்டும் அமீபா நீங்காது. காய்ச்சுதலே அதைக் கொல்லும்.

மருந்துக்குள் இருக்கும் உயிர்ப்பொருள் பற்றிய கவலையும் இவ்வவையில் பலர்க்கு உண்டு. பல மருந்து உறைகள் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து ஆன ஜெலட்டினால் ஆனவை. தாவர நாரால் ஆன உறைகளும், மாத்திரையாகவோ தூளாகவோ அதே மருந்தும் பெரும்பாலும் கிடைக்கும், கேட்டால்தான் கிடைக்கும். கணையம் நலிந்து கொழுப்பு செரியாதவர்க்குக் கொடுக்கும் நொதி மருந்தோ பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. இதை மறைத்துச் சொல்வதும், சொல்லாமல் மருந்தை எறிந்துவிடுவதும் இரண்டும் தவறு. மருத்துவரிடம் கொள்கையை வெளிப்படச் சொல்லி, அது உண்மையில் தேவையா, கொழுப்பைக் குறைத்துச் சமாளிக்க இயலுமா என்று கேட்டபின் நோயாளரே முடிவு செய்யட்டும். இராட்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்து உக்கிராதித்தர் புலாலும் கள்ளும் தேனும் சேராத மருத்துவத்தைக் கல்யாணகாரகம் என்னும் நூலாகவே செய்தார். மருந்துக்கு மாற்றுத் தேடுவது சமணர்க்குப் புதிதன்று. மருந்தே வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. அன்னம், அபயம், சாத்திரம் ஆகியவற்றோடு ஔடதத்தையும் சேர்த்தே தானம் நான்கு என்று ஆன்றோர் எண்ணினர்.

நோயாளர்க்கு மருந்தினும் முன்னே வேண்டுவது வீட்டாரின் முகம் சுளியாமை. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் நிர்விசிகித்சை, அஃதாவது அருவருப்பின்மை, ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திரர் தம் நூலில் குறிப்பது உத்தாயண மன்னனை. நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் உண்ட உணவைக் கக்கியபோது, அரசனும் அரசியும் முகம் சுளியாமல் தம் கையால் தூய்மை செய்தனர் என்பது கதை. தம் வயிற்று நோயால் துன்புற்ற ஆசாரியர் இக்கதையைப் பெயர் சுட்டிக் குறித்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ஒரே கழிப்பறை உள்ள வீட்டில், விடியற்காலையில் நோயாளர் உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டி அவசரப்படுத்தாமல் இருப்பதும் அவ்வுறுப்பின்பாற் பட்டதே.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு வாரத்துக்குச் சிறு குறிப்பேடு எழுதுக. எத்தனை முறை, இரவில் எத்தனை, குருதி உண்டா, நீரா எண்ணெய்ப் பசையா, எவ்வுணவின் பின், புதிதாகச் சேர்ந்த மருந்து எது, வீட்டில் வேறு யார்க்கேனும் வயிறு போகிறதா, காசநோயாளர் அருகில் உண்டா என்பவை அதில் இருந்தால் பாதிச் சோதனை குறையும். கழிச்சல் மிகுந்த நாளில் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைத் தூளை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கதிரவன் மறையுமுன் சிறிது சிறிதாகப் பருகுக. காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வயிறு உப்பி இறுகுதல், மிகுந்த குருதி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் வீட்டில் காத்திருக்கலாகாது. பெருங்குடலில் பரவலாக அழற்சி உடையவர், கழிச்சல் நின்று நலமாக இருப்பினும், நோய் தொடங்கிய 8 ஆண்டுகளின் பின் குடல் உள்நோக்கிச் சோதனையை அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும். நெடுங்கால அழற்சியில் புற்று தோன்றும் வாய்ப்பு மிகுதலின், அதைத் தொடக்கத்திலேயே காண்பதற்கு அதுவே வழி.